நாலு விரல் குரங்கு

பையை மடியில் வைத்திருக்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள் சார். மேலே ஏற்றிவைத்தால் கொண்டை ஊசி வளைவில் உருண்டு யார் மண்டையிலாவது விழும். உள்ளே ஒன்றுமில்லை, சாப்பிடுகிற தட்டு. எவர்சில்வர் தட்டு, ஒன்றே ஒன்று. காரமடை வரைக்கும் போகிறேன். நீங்கள் கோயம்புத்தூரா? நல்லது. அப்படியானால் எனக்கு முன்னால் இறங்க மாட்டீர்கள்.

என் பெயர் நஞ்சப்பன். கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம். இலை சுருட்டுகிற ரோலர் என் கையில்தான் இருந்தது. கையில் என்றும் சொல்லலாம், காலில் என்றும் சொல்லலாம். இதோ பாருங்கள், வலது காலில் சுண்டு விரல் கிடையாது. ரோலர் மூடி விழுந்து போய்விட்டது. போன விரல் இலையோடு இலையாகச் சுருண்டு, காய்ந்து, தூளாகி வெளியே வந்தது என்றும், அந்த வாரத் தூள்தான் அந்த வருஷத்திலேயே நல்ல நிறம் கொடுத்தது என்றும் சொல்வேன். நம்புகிறவர்கள் நம்புவார்கள். என் வீட்டுக்காரி ரங்கநாயகி மட்டும் நம்பியதில்லை. நாற்பத்தொரு வருஷமாக நான் என்ன சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு காதில் போட்டுக்கொள்வாள்.

அவளை அழைத்து வரத்தான் போகிறேன். அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். இது மூன்றாவது தடவை. அலுத்துவிட்டது சார்.

எல்லாம் ஒரு தொட்டியால் வந்த வினை. தண்ணீர் பிடித்து வைக்கிற தொட்டி இல்லை. ஷவருக்குக் கீழே நின்று குளிக்கிற தொட்டி. மூன்றடிக்கு மூன்றடி, சுற்றிலும் நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு கரை, நடுவில் தண்ணீர் போக ஓட்டை. வார்ப்பிரும்பு. மேலே வெள்ளைப் பூச்சு, பீங்கான் மாதிரி. நாங்கள் இருப்பது பழைய எஸ்டேட் டாக்டரின் குவார்ட்டர்ஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. அந்த டாக்டர் உயரம் ஏழடி. அதனால் ஷவரும் உயரத்தில். நம்ம தலைக்கு வருவதற்குள் வெந்நீர் ஆறிப்போகும். சரி, ஏழடி இல்லை, ஆறரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொட்டி போன ஆவணி வாக்கில் பல்லைக் காட்ட ஆரம்பித்தது. ஓட்டையைச் சுற்றித் துரு. வெள்ளைப் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து அங்கங்கே கறுப்பு இரும்பு. ரங்கநாயகி ஒருநாள் குதிகாலைத் தூக்கிக் காட்டினாள். "ஏனுங்க, கால்ல கீறுதுங்க. பளபளன்னு எல்லாம் வேண்டாம். கீறாம இருந்தாப் போதும்" என்றாள்.

அவள் தம்பி திருமூர்த்தி இருக்கிறானே, காரமடையில் மாட்டுத்தீவனக் கடை, அவன் போனில் சொன்னான். "மாமா, அதை உடைச்சுப் போட்டுட்டு டைல்ஸ் ஒட்டிருங்க. நான் மேஸ்திரியை அனுப்பறேன்." அவனுக்கு எதற்கெடுத்தாலும் உடைக்க வேண்டும். வார்ப்பிரும்பை உடைக்கலாமா? முப்பத்தாறு வருஷம் இயந்திரத்தோடு இருந்தவன் வீட்டுக்கு மேஸ்திரியா? "நீ புண்ணாக்கைப் பாரு, தொட்டியை நான் பாத்துக்கறேன்" என்றேன். அன்றைக்கே மேட்டுப்பாளையம் இறங்கி, மேலே பூசுவதற்கு எபாக்சி வாங்கிவந்துவிட்டேன்.

எபாக்சி தெரியுமல்லவா? பெரிய டப்பா ஒன்று, சின்ன டப்பா ஒன்று. தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. நாலுக்கு ஒன்று கலந்தால் டப்பா கையைச் சுடும். அரை மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும், இல்லையென்றால் டப்பாவுக்குள்ளேயே கல்லாகிவிடும். அதன்பிறகு சுத்தியல் எடுத்து அடித்தாலும் அசையாது. கடைக்காரன் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினான். பூசுகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது. பூசி முடித்தால் ஏழு நாள் தண்ணீர் படக் கூடாது, மலைக் குளிருக்குப் பத்து நாள். மூன்றாவது, பெட்டிக்குள் ஒரு பொட்டலம் வெள்ளை மணல் இருக்கும், கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதைத் தூவ வேண்டும், வழுக்காது.

முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டேன். மூன்றாவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. குளிக்கிற இடத்தில் யாராவது மண்ணைக் கொட்டுவார்களா சார்? அந்த மணலைத் துளசித் தொட்டியில் போட்டேன். துளசி நன்றாகத் துளிர்த்தது.

வேலையைக் குறை சொல்லக் கூடாது. உப்புத்தாள் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். வெள்ளைத் தூளாகப் பறந்து புருவம் எல்லாம் நரைத்துவிட்டது. ஏற்கெனவே நரைத்ததுதான், இன்னும் நரைத்தது. துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டினேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். கரையோரம் டேப் ஒட்டி, சின்ன உருளையால் புதன்கிழமை ஒரு பூச்சு, வியாழக்கிழமை ஒரு பூச்சு. பால் மாதிரி நின்றது. ரங்கநாயகி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்களே" என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவதற்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா.

அந்தப் பத்து நாளும் குளியல் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வாளித் தண்ணீரில். புரட்டாசிக் குளிர். மூடுபனி வந்து முதுகில் உட்காரும்.

இரண்டாம் நாள் சனிக்கிழமை வந்தது.

சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் சார். பதினெட்டு வயதிலிருந்து ஒரு சனி விட்டதில்லை. ஃபேக்டரியில் வேலை நிறுத்தம் நடந்தபோதும் விட்டதில்லை, விரல் போன வாரம்கூடக் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குளித்தேன். அன்றைக்கு ரங்கநாயகி வீட்டில் இல்லை. புரட்டாசி முதல் சனி. விரதம் இருந்து, விடிந்ததும் முதல் பஸ்ஸில் காரமடை ரங்கநாதர் கோயிலுக்கு இறங்கிவிட்டாள். கல்யாணமான வருஷத்திலிருந்து புரட்டாசி சனி விரதம் அவளுக்கும் தப்பியதில்லை. அவளுக்கு அது, எனக்கு எண்ணெய்.

நானும் நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு பின்பக்கம் போனேன். பனி. பின்வீட்டு அம்மாள் வேறு வெளியே நின்று கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். கோவணத்தோடு எவ்வளவு நேரம் கதவு இடுக்கில் நிற்க முடியும்? உள்ளே வந்தேன். தொட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. மேலாகக் காய்ந்திருந்தது. ஐந்தே நிமிஷம், நடுவில் மட்டும் நின்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக்கொண்டேன். சீயக்காய் தேய்த்தேன். சுகமாக இருந்தது. பிறகு காலை எடுத்தேன். வரவில்லை. இழுத்தேன். வந்தது, ஆனால் தொட்டியின் வெள்ளையையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு பாதம். அச்சுப் பதித்த மாதிரி. கோலத்தில் கிருஷ்ணர் பாதம் போடுவார்களே, அந்த மாதிரி அழகாக.

அவள் சாயங்காலம் துளசியும் தீர்த்தமுமாக வந்தாள். நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன், "குரங்கு வந்துட்டுது. ஜன்னல் வழியா. நான் விரட்டறதுக்குள்ள தொட்டியில எறங்கிட்டுது." எங்கள் பக்கம் குரங்கு நிஜமாகவே வரும் சார். நீங்களே பார்த்திருப்பீர்கள், அரவேணுவில் பஸ் நின்றபோது கம்பியில் தொங்கியது.

ரங்கநாயகி போய்ப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து என் வலது காலைப் பார்த்தாள். "ஏனுங்க, அந்தக் குரங்குக்கும் ரோலர்லதான் போச்சுங்களா சுண்டு விரலு?"

"இருக்கும், ஃபேக்டரிப் பக்கம் திரியற குரங்குதான்" என்றேன்.

சிரித்தாள் சார். அன்றைக்குச் சிரிக்கத்தான் செய்தாள். பசியோடு பஸ்ஸில் வந்த பொம்பளை, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்படியே இருக்கட்டும் விடுங்க. நிக்கறதுக்குப் பிடிமானமா இருக்கும்" என்றாள்.

எப்படி விட முடியும்? தீபாவளிக்குத் திருமூர்த்தி குடும்பத்தோடு வருவான். டைல்ஸ் ஒட்டச் சொன்னவன். தொட்டியில் நாலு விரல் பாதத்தைப் பார்த்தால் காரமடை மாட்டுக்கெல்லாம் சொல்லிவிடுவான். அதனால் நானே முந்திக்கொண்டு அவனுக்குப் போன் பண்ணி, குரங்கு கதையைச் சொல்லிவைத்தேன். அவன் நம்பினான். நல்ல மனிதன், எதையும் நம்புவான். திங்கட்கிழமை மீதி எபாக்சி முழுவதையும் கலந்து கனமாக மூன்றாவது பூச்சு பூசிவிட்டேன். ரங்கநாயகி பெட்டியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "இதுல ஏதோ மணல் தூவற மாதிரிப் படம் போட்டிருக்குதுங்களே" என்றாள். "அது மண் தரைக்கு" என்றேன்.

இந்தத் தடவை பத்து நாளும் முழுசாக விட்டேன். சனிக்கிழமைகூட பின்வீட்டு அம்மாளைப் பற்றிக் கவலைப்படாமல் பின்பக்கமே குளித்தேன். அந்த அம்மாள் கீரை கிள்ளுவதை அதோடு நிறுத்திவிட்டாள்.

பத்தாம் நாள் தொட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி. குனிந்து பார்த்தால் மேலே எரிகிற பல்பு தெரியும், பல்பில் உட்கார்ந்திருக்கிற பூச்சி தெரியும், பூச்சியின் மீசை தெரியும். ஒரு விடியற்காலை எழுந்து போகிறேன், குளியலறைக் கதவு திறந்திருக்கிறது, தொட்டிக்கு முன்னால் சிறுத்தை. ஆமாம் சார், சிறுத்தைதான். நம்ம வீட்டு நாயளவு இல்லை, இவ்வளவு பெரியது. முன்னங்காலை மடித்து உட்கார்ந்து தொட்டியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கிறது, அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கிறது. நான் அசையவில்லை. பார்த்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டது. ரங்கநாயகியை எழுப்பிச் சொன்னேன். "சிறுத்தைக்கு எத்தனை விரலுங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அதே கேள்விதான். பக்கத்து எஸ்டேட்டில் மரம் விழுந்தது என்றால், "மரத்துக்கு எத்தனை விரலுங்க?"

நீங்களும் அதே மாதிரிதான் பார்க்கிறீர்கள். பரவாயில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. பொம்பளைகள் எண்ணெய் தேய்க்கிற நாள். அவளும் தேய்த்துக்கொண்டு தொட்டியில் இறங்கினாள். நான் திண்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஷவர் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு சத்தம் கேட்டது.

இடது மணிக்கட்டு. இரண்டு இடத்தில்.

குஞ்சப்பனை வந்துவிட்டது பாருங்கள். காது அடைக்கிறதா? எச்சிலை விழுங்குங்கள், சரியாகிவிடும். முன் சீட்டு அம்மாவுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டார்கள், நல்லவேளை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எப்படி விழுந்தார்கள் என்று. திருமூர்த்தியும் வந்து பக்கத்தில் நிற்கிறான். "அக்கா எப்படி மாமா விழுந்தா?" என்கிறான். அவள் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். "புரட்டாசி விரதம்ங்க. சாப்பிடாமக் கெடந்து மயக்கம் வந்துட்டுது" என்றேன். சட்டென்று வாயில் அதுதான் வந்தது. டாக்டர் எழுதிக்கொண்டார். திருமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, விரதம் சனிக்கிழமைதானே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். விரல் கேள்வி கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கையில் மாவுக்கட்டோடு மலையில் என்ன செய்வாள் என்று திருமூர்த்தி அன்றைக்கே காரமடைக்கு அழைத்துப் போய்விட்டான். மறுநாள் புரட்டாசிக் கடைசிச் சனி. விடியும்போதே அவன் பெண்டாட்டி நாலு இட்லியைத் தட்டில் வைத்து, "மயங்கி விழறவங்களுக்கு என்னங்க அண்ணி விரதம்? சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாளாம். திருமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றானாம். சாப்பிட்டிருக்கிறாள். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாம். நாலு இட்லி சார். அதுக்குப் போய் ஒரு மனுஷி இவ்வளவு நாள் வீட்டுக்கு வராமல் இருப்பாளா? இல்லை, அது காரணமாக இருக்காது. தொட்டிதான் காரணம். தொட்டி வழுக்குகிறது, பயம். எனக்குத் தெரியாதா அவளை.

முதல் தடவை போனேன், ஐப்பசியில். நடுக்கூடத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். ரங்கநாயகி கட்டுக்கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "நான் எப்படி விழுந்தேன்னு திருமூர்த்திகிட்டச் சொல்லுங்க, வர்றேன்" என்றாள். "அதான் எல்லாருக்கும் தெரியுமே" என்றேன். காப்பி நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சரி, தொட்டிதான் அவள் மனதில் இருக்கிறது என்று திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தேன். முழுவதையும் சுரண்டினேன். பூசுவதற்கு ஒரு மணி நேரம் ஆன எபாக்சியைச் சுரண்டுவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. சூடு காட்டுவது, கரண்டியால் நெம்புவது, ஒரு விரற்கடை பெயரும். மறுபடி சூடு காட்டுவது. அந்தப் பாதம் இருந்தது அல்லவா, மூன்றாம் பூச்சுக்கு அடியில் அப்படியே இருந்தது. மேல் பூச்சு பெயர்ந்ததும் நாலு விரலும் தெரிந்தது. அதற்கு மேலே அவள் வழுக்கிய இடம் என்று ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் என்ன தெரியும்.

அடியில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. சோப்புப் போட்டுக் கழுவினால் போகுமா? எத்தனை வருஷ வெள்ளிக்கிழமை அது. சரி, சனிக்கிழமையும்தான். சோடா மாவு போட்டு மூன்று தடவை கழுவினேன். தின்னர் விட்டுத் துடைத்தேன். தலை சுற்றியது. நிஜமாகவே சுற்றியது சார், அப்போதுதான் தெரிந்தது தலை சுற்றுவது எப்படி இருக்கும் என்று.

வேலை முடிவதற்கு முன்னாலேயே ஒரு தடவை போனேன், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு. ரங்கநாயகி படத்தைப் பார்த்தாள். "படத்துல வழுக்காதுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு முதல் தடவை கேட்டதையே கேட்டாள். திருமூர்த்தி புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன். பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

இப்போது தொட்டி முடிந்துவிட்டது. புது எபாக்சி, இரண்டு பூச்சு, கடைசிப் பூச்சின் மேலே மணல். ஆமாம், மணல். கடைக்காரன் என் கையில் பொட்டலத்தைத் திணித்துவிட்டு, "இதைத் துளசிக்குப் போட்டுராதீங்க" என்றான். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, போன தடவை நானே சொல்லியிருப்பேன். சல்லடையில் போட்டு மாவு சலிப்பது மாதிரிச் சலித்துத் தூவினேன். பார்க்கச் சகிக்காது. சாக்குத் துணி மாதிரி இருக்கிறது. பளபளப்பு இல்லை, பல்பு தெரியாது, எந்தச் சிறுத்தையும் திரும்பிப் பார்க்காது. ஆனால் சோப்புக் காலோடு நின்றாலும் அசையாது. இருபத்தொரு நாளாகக் காய்கிறது. கடைக்காரன் பத்து நாள் போதும் என்றான். நான் ஒரு கால்கூட வைக்கவில்லை. எண்ணெய் தேய்க்கவே இல்லை, மூன்று சனி போய்விட்டது. தலை காய்ந்து, கண் எரிகிறது. பின்பக்கத்தில் பச்சைத் தண்ணீர் நாலு செம்பு. அவ்வளவுதான். அவள்தான் முதலில் இறங்க வேண்டும்.

ஆனால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வர முடியாதே. அதற்குத்தான் இந்தத் தட்டு. இதோ பாருங்கள். சாப்பிடுகிற பக்கம் தொடவே இல்லை. அடிப்பக்கம் மட்டும் அதே எபாக்சி, அதே மணல், அதே நாளில் பூசியது. தடவிப் பாருங்கள். தரையில் கவிழ்த்து வைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு காலை வைத்தாள் என்றால் அவளுக்கே தெரிந்துவிடும்.

யார் தட்டா? அவள் தட்டுதான். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே போனவள்தானே, பிறகு திருமூர்த்தி வந்து இரண்டு சேலை, சால்வை எடுத்துப் போனான். தட்டை எடுக்கவில்லை. தட்டு இங்கே இருக்கிறவரைக்கும் வருவாள் என்று நான் தினமும் கழுவிக் கழுவி வைத்தேன். அப்புறம் மாதிரிக்கு ஒரு இரும்பு வேண்டியிருந்தது. கைக்கு அதுதான் கிடைத்தது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மேல் பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது.

மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டோம். இனி எவ்வளவு, கால் மணி நேரம். சார், ஒன்று கேட்கட்டுமா? கோத்தகிரியில் ஏறும்போது பஸ்ஸில் பாதி இடம் காலி. நான் ஏன் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன் என்று நினைக்கிறீர்கள்? சட்டையை உள்ளே விட்டிருக்கிறீர்கள். பையில் இரண்டு பேனா. கையில் கம்ப்யூட்டர் பை. முகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.

நேற்றுத் திருமூர்த்திக்குப் போன் பண்ணினேன். "இந்தத் தடவை நான் சொல்லலை. கம்பெனியிலிருந்தே எஞ்சினியர் வர்றாரு. தொட்டியைச் சோதிச்சுப் பாத்துட்டாரு. அவரே உங்கக்காகிட்டச் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டேன். அதனால் நீங்கள் ஒரு ஐந்து நிமிஷம் இறங்கி, இந்தத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்காது என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். பொய் இல்லையே சார். நிஜமாகவே வழுக்காது. நிஜத்தைத்தான் சொல்லச் சொல்கிறேன். நான் சொன்னால் விரலை எண்ணுவாள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

பள்ளிக்கூட வாத்தியாரா? பரவாயில்லை, எந்தப் பாடம்? கணக்கு. கணக்கும் எஞ்சினியரும் ஒன்றுதான்.

என்ன கேட்டீர்கள்? பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. முதல் தடவை அவள் என்ன கேட்டாள் என்றா? சொன்னேனே. எப்படி விழுந்தேன் என்று திருமூர்த்தியிடம் சொல்லுங்கள் என்றாள். இரண்டாம் தடவை? அதையேதான்.

தொட்டியைப் பற்றியா?

தொட்டியைப் பற்றி அவள் என்ன கேட்டாள். கேட்டிருப்பாள். இருங்கள், யோசித்துச் சொல்கிறேன். படம் காட்டினபோது, படத்தில் வழுக்காது என்றாள். அது கேள்வி இல்லை.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்கள் சார். கீழே இறங்க இறங்கப் புழுங்குகிறது.

கடைத்தெரு வந்துவிட்டது. அதோ, திருமூர்த்தி. பாருங்கள், எஞ்சினியருக்காக வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறான். கையில் இளநீர், ஓட்டை போட்டுத் தயாராக வைத்திருக்கிறான். நல்ல மனிதன் என்று சொன்னேன் அல்லவா. பின்னால் நிற்பது அவள்தான். பச்சைச் சேலை. பஸ் நிற்கிற இடத்துக்கு இதற்கு முன்னால் வந்ததில்லை. கட்டுப் பிரித்துவிட்டார்கள் போல. அந்தக் கையை மட்டும் முந்தானைக்குள் வைத்திருக்கிறாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கவில்லை பாருங்கள். படியைப் பார்க்கிறாள். எந்தக் கால் இறங்குகிறது என்று பார்க்கிறாள்.

வேண்டாம் சார், நீங்கள் உட்காருங்கள். பையை எடுக்காதீர்கள். இளநீர் வீணாகப் போகாது, அவனே குடித்துக்கொள்வான்.

முதலில் எஞ்சினியர் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அதில் ஆரம்பித்தால் போதும். அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் ஆஸ்பத்திரி வரும், மயக்கம் வரும், அதற்கும் பின்னால் போனால் குரங்கு வரும். குரங்கு வரைக்கும் போய்விட்டால் மீதியை அவளே சொல்லிவிடுவாள். திருமூர்த்தி என்ன நினைப்பானோ. நினைக்கட்டும். எனக்கு அலுத்துவிட்டது.

தட்டா? கொடுங்கள், கொண்டுபோகிறேன். அவளுடையதுதானே. இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்டக்டர், ஆள் இறங்குது, கொஞ்சம் நில்லுங்க. கால் ஒரு மாதிரி.

ஆனால் சார், அந்தச் சிறுத்தை மட்டும் நிஜமாகவே வந்தது.